பெக்கோவின் சிலிண்டர் ஏன் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது?

மாரி தொடங்க ஐந்து கிழமைகள் இருக்கும்போது ஒரு சிறுகுளத்தின் கட்டு வேலை பாதியில் நின்றது. மீள்குடியேறிய குடும்பங்களும், இன்னும் தமது காணிக்குத் திரும்பமுடியாமல் அயற்கிராமத்தில் தங்கிக் குத்தகைக்கு வயல் செய்யும் குடும்பங்களும் சேர்ந்து பழைய பெக்கோ ஒன்றை வாங்கியிருந்தார்கள். குளக்கட்டைத் திருத்துவதும், தூர்ந்துபோன வாய்க்காலைத் தோண்டுவதும், மிகுதி நாட்களில் வெளியே வாடகைக்கு விடுவதும் அவர்களுடைய திட்டம். திட்டத்தில் பிழையில்லை. ஆனால் வேலை தொடங்கிய இரண்டாம் கிழமையிலேயே வாளியை இயக்கும் சிலிண்டரின் வாயிலிருந்து ஒயில் வழியத் தொடங்கியது. முதலில் துளித்துளியாக வந்தது. மூன்றாம் நாள் வாளியை ஒருமுறை மடக்கினாலே தண்டு முழுவதும் நனைந்து கீழேயிருந்த மண் கறுத்தது. இருபது லீற்றர்க் கலன் ஒன்று இரண்டு நாளில் முடிந்தது.

நகரத்திலிருந்து வந்த மெக்கானிக் சீலை மாற்றினார். ஒன்பதாம் நாள் மறுபடியும் ஒழுகியது. சீல் தரமில்லை என்று சொல்லி, கூடிய விலைக்கு வேறு சீல் வாங்கிப் போட்டார்கள். அது ஆறு நாள் நின்றது. அந்த இரண்டாவது சீலை "யோசிக்க நேரமில்லை, உடனே போடுங்கள், மழை வரப்போகிறது" என்று அவசரப்படுத்தியவன் நான். ஆகவே இக்கட்டுரையில் வரும் பிழைகளில் ஒன்று எனக்கும் சொந்தம்.

மூன்றாம் முறை கழற்றுமுன், அதே கிராமத்தில் இருக்கும் வயோதிபர் ஒருவரை அழைத்தார்கள். இடம்பெயருமுன் சொந்தமாகக் கடைசல் பட்டறை வைத்திருந்தவர். அவர் ஸ்பனரைத் தொடவில்லை. பழைய பருத்தித் துணியால் தண்டைத் துடைத்துவிட்டு, பெருவிரல் நகத்தை அதன்மேல் மெதுவாக நீளப்பாட்டில் இழுத்தார். நகம் பத்துப் பன்னிரண்டு இடத்தில் தடக்கியது.

"சுவாமி, இது சீலின்ரை பிழை இல்லை. தண்டு அரம் மாதிரிக் கிடக்குது. இதிலை எந்தச் சீலைப் போட்டாலும் அராவித் தள்ளிப்போடும்" என்றார்.

பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, முன்னைய சொந்தக்காரர் வாளியை உள்ளே மடக்கிய நிலையில் இயந்திரத்தை இரண்டு மாரி வெளியில் விட்டிருந்தார் என்பது. வாளி மடங்கியிருக்கும்போது அதன் சிலிண்டர்த் தண்டு முழுவதும் வெளியே நீண்டிருக்கும். மழையும் உப்புக்காற்றும் அதில் பட்டுப் புள்ளிபுள்ளியாகத் துரு பிடித்து, துருவுக்குமேல் பளபளப்புப் பூச்சு உரிந்திருந்தது. நாங்கள் ஒழுகும் இடத்தைப் பார்த்தோமே தவிர, ஒழுகச்செய்த பொருளைப் பார்க்கவில்லை.

உங்களில் பலரிடம் பெக்கோ இராது. ஆனால் உழவு இயந்திரத்தின் ரிப்பர்ப் பெட்டியைத் தூக்குவதும், முன்வாளியைத் தூக்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சிலிண்டர்தான். கூலிக்கு இயந்திரம் ஓட்டப்போகும் உங்கள் பிள்ளைகளுக்கும் இது பயன்படும். பட்டறையில் கொடுத்துச் செய்விப்பவர்களும், பட்டறைக்காரர் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்று அறிந்திருப்பது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

சிலிண்டர் என்பது உட்புறம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக்கப்பட்ட தடித்த உருக்குக் குழாய். அதனுள் பிஸ்ரன் முன்னும் பின்னும் போய்வரும். பிஸ்ரனோடு இணைந்த உருக்குத் தண்டு குழாயின் ஒரு முனையிலிருக்கும் மூடியினூடாக வெளியே வருகிறது. இந்த மூடியைப் பட்டறையில் கிளான்ட் என்பார்கள். பிஸ்ரனுக்குப் பின்னால் ஓர் அறை, முன்னால் ஓர் அறை. பம்பியிலிருந்து வரும் ஒயில் பின்னறைக்குப் போனால் தண்டு நீளும், முன்னறைக்குப் போனால் தண்டு சுருங்கும். எந்த அறைக்கு விடுவது என்பதை ஓட்டுநரின் கைப்பிடியோடு இணைந்த வால்வு தீர்மானிக்கிறது. ரிப்பர்ப் பெட்டியில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே ஒயில் தள்ளும். இறங்குவது பெட்டியின் சொந்தப் பாரத்தால்.

குருமடத்தில் நாங்கள் பஸ்காலை விசுவாசத்தைப் பற்றிச் சிந்தித்த ஒருவராகவே படித்தோம். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த அந்தப் பிரெஞ்சுக்காரர்தான், அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று எடுத்துக்காட்டியவர். 1795 இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அந்த விதியைப் பயன்படுத்தும் அமுக்கப் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவருக்கு வந்த பெருந்தொல்லை நமக்கு வந்த அதே தொல்லைதான்: தண்டைச் சுற்றித் திரவம் ஒழுகியது. அதற்குக் கிண்ணம்போல் வளைத்த தோல் வளையம் தீர்வாயிற்று. அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லி அதைச் செய்ததாகச் சொல்வார்கள். குழாய்க்கிணற்றுக் கைப்பம்பியைக் கழற்றியவர்கள் அதே உருவத் தோல் வாசரைப் பார்த்திருப்பீர்கள். கிண்ணத்தின் வாய் அமுக்கம் வரும் பக்கத்தை நோக்கியிருந்தால், அமுக்கம் கூடக்கூட அதன் விளிம்பு விரிந்து சுவரோடு இறுகும். வாயை மறுபக்கம் திருப்பிப் போட்டால் விளிம்பு மடங்கி, உள்ளதையெல்லாம் வெளியே விட்டுவிடும். இன்றைய சீல் தோலால் செய்ததல்ல, பொலியூரிதேன் என்னும் கடினமான இறப்பர் போன்ற பொருளால் ஆனது. ஆனால் கிண்ணத்தின் விதி மாறவில்லை.

அந்தச் சீல் எவ்வளவைத் தாங்குகிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். உள்விட்டம் 80 மில்லிமீற்றர், தண்டின் விட்டம் 50 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்ரனின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்ரிமீற்றர். இத்தகைய இயந்திரங்களில் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிலோகிராம் அளவுக்குப் போகும். கார் ரயரில் இருக்கும் காற்றமுக்கத்தைப்போல் நூறு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 10,000 கிலோகிராம், அதாவது பத்துத் தொன் தள்ளுவிசை. சுருங்கும்போது தண்டு பிடித்திருக்கும் இடத்தைக் கழிக்கவேண்டும். மிஞ்சும் பரப்பு 30 சதுர சென்ரிமீற்றரளவு, விசை ஆறு தொன். இவ்வளவையும் ஒரு விரல் அகலம்கூட இல்லாத வளையம் மறித்து நிற்கிறது. நகம் தடக்கும் ஒரு பள்ளம் அதற்கு ஏன் பெரிய விடயம் என்பது இப்போது விளங்கும்.

மூடிக்குள் ஒரு சீல் மாத்திரம் இருப்பதில்லை. வெளிவிளிம்பில் தூசுச் சீல் இருக்கும். அது தண்டு உள்ளே போகும்போது அதில் ஒட்டிய சேற்றையும் மணலையும் வழித்துவிடும். அதற்கு உள்ளே ஒயிலை மறிக்கும் தண்டுச் சீல். அதற்கும் உள்ளே தண்டை நடுவில் பிடித்திருக்கும் புஷ் அல்லது வழிகாட்டி வளையம். மூடியின் வெளிச்சுற்றில் ஓ-றிங். பிஸ்ரனில் அதற்குரிய சீலும் தேய்வு வளையங்களும் உண்டு. மலிவென்று தூசுச் சீலைப் பழையபடி விட்டுவிட்டுத் தண்டுச் சீலை மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசலைத் திறந்துவிட்டு உள்ளறையைப் பூட்டுகிற வேலை அது.

எங்கே ஒழுகுகிறது?

கழற்றுமுன் சிலிண்டரைக் கழுவி உலர்த்துங்கள். சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவி, இயந்திரத்தைச் சிறிது நேரம் இயக்கிப் பாருங்கள். ஈரம் எங்கே முதலில் தெரிகிறதோ அங்கேதான் ஒழுகல். தண்டைச் சுற்றி வந்தால் தண்டுச் சீல். மூடியும் குழாயும் சேரும் இடத்தில் வந்தால் ஓ-றிங். ஹோஸ் பூட்டிய இடத்திலிருந்து வழிந்து கீழே தேங்கியதைச் சிலிண்டரின் ஒழுகல் என்று நினைத்துக் கழற்றியவர்களும் உண்டு. தண்டில் கை வைத்தால் மெல்லிய ஒயில் பிசுக்கு இருப்பது வழமை. துளியாகத் திரண்டு விழுந்தால்தான் நோய்.

உள்ளொழுகல் வேறு. வெளியே ஒரு துளியும் வராது. ஆனால் வாளி பலமிழக்கும், மெதுவாக அசையும். இதைச் சோதிக்க, வாளியையும் கையையும் நிலத்தில் இருத்தி, தண்டை முழுவதும் நீட்டி, இயந்திரத்தை நிறுத்தி அமுக்கத்தை இறக்கியபின் முன்னறை ஹோஸைக் கழற்றி அதன் வாயை மூடியால் இறுக்கி அடைப்பார்கள். பிறகு பின்னறைக்கு மெதுவாக அமுக்கம் கொடுப்பார்கள். திறந்த வாயிலிருந்து ஒயில் தொடர்ந்து வந்தால் பிஸ்ரன் சீல் தேய்ந்துவிட்டது. அந்த வாய்க்கு எதிரே எவரும் நிற்கக்கூடாது. இதைப் பழக்கப்பட்ட ஒருவர்தான் செய்யவேண்டும்.

தூக்கிய கை தானாக இறங்கினால் உடனே பிஸ்ரன் சீலைக் குற்றஞ்சாட்டுவது எங்கும் காணும் பழக்கம். எல்லா இடத்திலும் அது சரியல்ல. பாரம் தண்டை உள்ளே தள்ளும் சிலிண்டரில், பின்னறையிலிருந்து தப்பும் ஒயில் முழுவதற்கும் முன்னறையில் இடமில்லை. தண்டு அங்கே இடம் பிடித்திருக்கிறது. வால்வு இறுக்கமாக அடைபட்டிருந்தால் ஒயில் போக வழியின்றிக் கை அதிகம் இறங்காது. இறங்கிக்கொண்டே போனால் வால்வு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரை வீணாகக் கழற்றிப் பூட்டிய பணம் மிஞ்சும்.

கைவைக்குமுன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வாசித்துக் காட்டுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் பட்டறைகளில் எடுபிடி வேலை செய்கிறார்கள்.

ஒயில் அமுக்கத்தால் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும் கையின் கீழோ வாளியின் கீழோ ஒருபோதும் போகவேண்டாம். வாளி, கை எல்லாம் நிலத்தில் இருக்கவேண்டும். அப்படி இருத்தமுடியாத நிலையில் தடித்த மரக்குற்றிகளை அடுக்கித் தாங்கவேண்டும். கல்லையோ சீமெந்துக் கல்லையோ வைக்கவேண்டாம்; பாரத்தில் அவை சொல்லாமல் நொறுங்கும். இயந்திரத்தை நிறுத்தியபின் எல்லாக் கைப்பிடிகளையும் இரு பக்கமும் பலமுறை அசைத்து, ஒயில் தொட்டியின் மூடியை மெதுவாகத் திறந்து அமுக்கத்தை இறக்கவேண்டும். ஹோஸின் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, ஒயில் சீறவில்லை என்று கண்டபின்பே முழுவதும் கழற்றவேண்டும். வேலை செய்து நின்ற இயந்திரத்தின் ஒயில் தோலைச் சுடும், ஆறவிடுங்கள்.

ஊசித்துளையளவு ஓட்டையிலிருந்து சீறும் ஒயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். முதலில் நோவும் அதிகமிராது. எறும்பு கடித்ததென்று நினைத்து வேலையைத் தொடர்வார்கள். சில மணித்தியாலங்களில் வீங்கிக் கடுக்கும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்கவேண்டி நேரும். பிதுக்கவேண்டாம், கீறவேண்டாம், எண்ணெயோ மருந்தோ பூசவேண்டாம். உடனே சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், "உயர் அமுக்கத்தில் ஒயில் உள்ளே ஏறியது" என்ற இந்தச் சொற்களையே வைத்தியரிடம் சொல்லுங்கள். சின்னக் காயம் என்று சொன்னால் மருந்து கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். ஒழுகும் இடத்தைத் தேடும்போது கையை ஓட்டாமல் காட்போட் மட்டையை ஓட்டுங்கள்.

ஒயிலோடு இருக்கும் சிலிண்டரில் வெல்டிங் பிடிக்கக்கூடாது. அடைபட்ட குழாய் வெடிக்கும். சிக்கிய பிஸ்ரனைக் காற்றுக் கொம்பிரசரால் ஊதித் தள்ளுவதும் அதே அளவு ஆபத்து. தண்டு துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே வரும்.

கழற்றுதல்

சிலிண்டரைக் கயிற்றாலோ செயின் புளொக்காலோ தாங்கிக்கொண்டு இரு முனைப் பின்களையும் கழற்றுங்கள். பின்னை நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் அதன் முனை விரிந்து பிறகு ஏறாது. இடையில் பித்தளைத் துண்டு வையுங்கள். ஹோஸ் வாய்களையும் சிலிண்டர் வாய்களையும் உடனே அடையுங்கள். சுத்தமான பொலித்தீனும் கட்டும் போதும். துணியைத் திணித்தால் நூல் உள்ளே போகும்.

வேலை செய்யும் இடம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது. தறப்பாள் கொட்டிலுக்குள் சீவித்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். ஆயினும் காற்றில்லாத காலைநேரத்தில், தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கிய தரையில், கழுவிய படங்கு ஒன்றை விரித்துச் செய்தால் போதியது. எமது சிலிண்டரும் ஒரு வேப்பமரத்தின் கீழ் அப்படித்தான் திறக்கப்பட்டது.

மூடி சில சிலிண்டர்களில் புரியால் பூட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் போல்ட்டுகளால், சிலவற்றில் உட்புறப் பூட்டு வளையத்தால். புரி மூடிக்கு அதன் துளைகளில் அல்லது வெட்டுகளில் பொருந்தும் தனி ஸ்பனர் தேவை. உளியை வைத்து அடித்துச் சுழற்றினால் மூடி கெடும். அதைக் கழற்றித் தண்டைப் பிஸ்ரனோடு நேராக இழுத்தெடுத்து, மரக்கட்டைகளுக்கிடையில் பிடித்துப் பிஸ்ரன் நட்டைத் தளர்த்தவேண்டும். இது மிக இறுக்கமாக இருக்கும். நீளக் குழாயை ஸ்பனரில் மாட்டி இருவர் இழுக்கவேண்டி வரும். பளபளக்கும் தண்டில் வெறும் வைஸையோ குழாய்ச் சாவியையோ பூட்டினால், ஒழுகலைச் சரிசெய்யவந்து புதிய ஒழுகலைச் செய்தவர்களாவோம்.

பழைய சீல் சொல்லும் சாட்சி

பழைய சீலைக் கழற்றியவுடன் எறிந்துவிடுவது வழக்கம். அதைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்விளிம்பில் நீளப்பாட்டில் கீறல்கள் இருந்தால் தண்டு கரடுமுரடாக இருக்கிறது, அல்லது மணல் உள்ளே வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புஷ் தேய்ந்தோ தண்டு வளைந்தோ இருக்கிறது. கல்லாக இறுகி வெடித்திருந்தால் ஒயில் அதிகம் சூடாகியிருக்கிறது, அல்லது சீல் மிகப் பழையது. ஊதி மெதுமெதுவென்றிருந்தால் பொருந்தாத ஒயில் ஊற்றப்பட்டிருக்கிறது. பிறேக் ஒயிலை ஊற்றினாலும் இப்படி ஆகலாம். முதுகுப்புறம் எலி அரித்ததுபோல் இருந்தால் இடைவெளி கூடிப்போய் அமுக்கம் சீலை அதற்குள் பிதுக்கியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் சுத்தமான வெட்டு இருந்தால், பூட்டிய கையின் பிழை.

எங்கள் ஆறு நாள் சீலில் முதல் அடையாளம் இருந்தது. நீளக் கீறல்கள், அவற்றுக்குள் நுண்ணிய மணலும். தண்டின் துரு கீறியது பாதி. மற்றப் பாதிக்குக் காரணம் ஒயில் தொட்டியில் இருந்தது. அடியில் துருவும் வண்டலும் படிந்திருந்தன. ஒழுகிய காலத்தில் திறந்த வாளியால் அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். வடியை மாற்ற எவருக்கும் நினைவு வரவில்லை. ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானதை வடித்தெடுத்து மறுபடி ஊற்றுவது சிக்கனம்போல் தோன்றும். அடுத்து தேய்வது பம்பி, அது சிலிண்டரைவிடக் கூடிய செலவு.

தண்டுக்கு வருவோம். அதன்மேல் இருப்பது கடினக் குரோமியப் பூச்சு. தலைமயிரின் தடிப்பிலும் அது மெல்லியது; உள்ளே இருப்பது துருப்பிடிக்கக்கூடிய உருக்கு. பூச்சில் ஓரிடம் திறந்தால் ஈரம் அதன்வழி போய் அடியில் துருவேறி, பூச்சைச் செதிளாகத் தள்ளும். தண்டை எமரிக் கடதாசியால் நீளப்பாட்டில் தேய்ப்பது பெரும்பிழை. அந்தக் கீறல்களே ஒயில் வெளிவரும் வாய்க்கால்களாகும். ஒன்றிரண்டு சிறு புள்ளிகள் மட்டுமானால், நுண்ணிய எண்ணெய்க் கல்லால் குறுக்குவாட்டில், சுற்றுப்போக்கில், எழும்பி நிற்கும் விளிம்பை மட்டும் தணிக்கலாம். நகம் தடக்காத நிலை வந்தால் அது ஒரு போகத்துக்கு உதவும். அதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம். வெல்டிங் கூரால் பள்ளத்தை நிரப்பிக் கையரத்தால் அராவிய தண்டுகளைப் பார்த்திருக்கிறேன். வட்டமும் இராது, வழுவழுப்பும் இராது.

பள்ளங்கள் பலவானால் இரண்டு வழிகள். பழைய பூச்சை அகற்றி, அரைத்து, மறுபடி குரோமியம் ஏற்றி, திரும்பவும் அளவுக்கு அரைத்தெடுப்பது ஒன்று. அது பெரிய நகரப் பட்டறை வேலை. குரோமியம் பூசிய தண்டாகவே நீளத்தில் வாங்கி, வெட்டி, புரி கடைந்து, பழைய தண்டின் கண்ணை அதில் வெல்டிங் பிடிப்பது மற்றது. சங்கத்தார் இரண்டாவதைச் செய்தார்கள். கண் வெல்டிங் தகுதியான கையால் செய்யப்படவேண்டும். பத்துத் தொன் அதன் வழியாகத்தான் போகிறது. வெல்டிங் பிடிக்கும்போது குரோமியப் பகுதியை ஈரச்சாக்கால் சுற்றிப் பொறி தெறிக்காமல் காத்தார்கள். சீல் தொகுதியைப்போல் பல மடங்கு செலவாயிற்று. ஆனால் வீணாய்ப்போன இரண்டு சீல்களையும், சிந்திய ஒயிலையும், வேலையின்றி நின்ற நாட்களின் கூலியையும் செயலாளர் கூட்டிக் காட்டியபோது எவரும் மறுத்துப் பேசவில்லை.

தண்டு வளைந்திருக்கிறதா என்பதைக் கடைசல் யந்திரத்தில் இரு மையங்களுக்கிடையில் பூட்டிச் சுழற்றினால் கண்ணுக்கே தெரியும். யந்திரம் இல்லாத இடத்தில் இரண்டு வெட்டுக் கட்டைகளில் கிடத்தி, நடுவில் ஓர் ஆணி முனையை நிறுத்தி, தண்டைச் சுழற்றி இடைவெளி மாறுகிறதா என்று பார்க்கலாம். குழாயின் உட்புறத்தை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய கீறல்களைப் பட்டறையில் தீட்டி எடுக்கலாம். விரலுக்குத் தெரியும் ஆழமான கோடு இருந்தால் புதிய பிஸ்ரன் சீல் நீடிக்காது.

சீல் வாங்குதல், பூட்டுதல்

தேய்ந்த சீலை அளந்து புதியது வாங்கவேண்டாம். தண்டையும், மூடிக்குள் இருக்கும் தவாளிப்பையும் வெர்னியரால் அளந்துகொண்டு போங்கள். சீலில் மூன்று இலக்கங்கள் பொறித்திருக்கும். 50 × 60 × 10 என்றால் உள்விட்டம் 50, வெளிவிட்டம் 60, உயரம் 10 மில்லிமீற்றர். பழைய இயந்திரங்களில் சில அங்குல அளவில் செய்யப்பட்டவை. இரண்டு அங்குலத் தண்டு 50.8 மில்லிமீற்றர். கடையில் 50 ஐக் கொடுத்து "இதுதான், போடுங்கோ" என்பார்கள். அந்த 0.8 மில்லிமீற்றர் கண்ணுக்குத் தெரியாது, சீலுக்குத் தெரியும்.

எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, நூல் விடாத துணியால் துடைத்து, புதிய ஹைட்ரோலிக் ஒயில் பூசியபின்பே பூட்டவேண்டும். தண்டுச் சீலை இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் போட்டெடுத்துத் துடைத்தால் இளகும். அவரை விதையின் உருவத்துக்கு மடித்து மூடிக்குள் விட்டு விரலால் விரித்துவிடலாம். திருகாணிச் சாவியின் முனையால் நெம்பவேண்டாம். கிண்ணத்தின் வாய் ஒயில் இருக்கும் உட்பக்கத்தை நோக்கவேண்டும். தூசுச் சீலின் உதடு வெளியே பார்க்கவேண்டும். ஓ-றிங்கோடு தட்டையான தாங்கு வளையம் ஒன்று வந்தால், அது அமுக்கம் வராத பக்கத்தில் இருக்கவேண்டும். கழற்றும்போதே எது எந்தப் பக்கம் பார்த்தது என்று ஒரு கடதாசியில் கீறிவைத்தால் பூட்டும்போது வாக்குவாதம் வராது. முந்தியவர் பிழையாகப் போட்டிருக்கவும் கூடும் என்பதால், படத்தையும் கிண்ணத்தின் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூடியைத் தண்டில் ஏற்றும்போது தண்டு முனையிலுள்ள புரிகள் கத்திபோல் சீலை வெட்டும். புரிக்குமேல் ரேப் சுற்றி ஒயில் பூசி ஏற்றுங்கள். ஏற்றியபின் ரேப்பை எடுக்க மறக்கவேண்டாம். பிஸ்ரன் நட்டை இயந்திரத்தின் கைநூல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, அதற்குரிய பூட்டுப் பசையையோ பூட்டு ஊசியையோ கட்டாயம் போடவேண்டும். உள்ளே நட்டு கழன்றால் தண்டு பிஸ்ரனை விட்டு வெளியே வந்துவிடும். பிஸ்ரனைக் குழாய்க்குள் விடும்போது சரிவில்லாமல் நேராகத் தள்ளுங்கள். ஒயில் துளையின் கூர்விளிம்பைத் தாண்டும்போது சீல் அதில் மாட்டி அறுபடும். அந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. சுத்தியல் தேவைப்படுகிறதென்றால் ஏதோ பிழையாகப் போகிறது, நிறுத்தி வெளியே எடுத்துப் பாருங்கள்.

முதல் ஓட்டம்

சிலிண்டரைப் பூட்டுமுன் இரண்டு அறைகளிலும் இயன்றவரை சுத்தமான ஒயிலை நிரப்புங்கள். தொட்டியைக் கழுவி, வடியை மாற்றி, கைநூலில் சொல்லப்பட்ட இலக்க ஒயிலை வடிகட்டி ஊற்றுங்கள். என்ஜினைக் குறைந்த வேகத்தில் விட்டு, பாரமில்லாமல், தண்டைக் கடைசி முனைவரை போகவிடாமல் மெதுவாகப் பலமுறை நீட்டிச் சுருக்குங்கள். இது உள்ளே அடைபட்ட காற்றைத் தொட்டிக்குத் திருப்பும். காற்று இருக்கும்போதே முழு அமுக்கத்தைக் கொடுத்தால், டீசல் என்ஜினுக்குள் நடப்பதுபோல் காற்று சூடேறி ஒயிலாவி பற்றி, புதுச் சீலைக் கருக்கிவிடும். காற்று போனபின் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். நாள் முடிவில் ஒருமுறை, ஒரு கிழமை கழித்து ஒருமுறை, தண்டைத் துடைத்து ஒழுகலைப் பாருங்கள்.

எங்கள் பெக்கோ மழைக்கு எட்டு நாள் முன்னதாக மறுபடி வேலைக்கு இறங்கியது. கட்டு முழுவதும் முடியவில்லை. துருசுக்கு அண்மித்த பகுதியை மண்மூட்டைகளால் அணைத்து அந்த மாரியைக் கழித்தார்கள். மிகுதி அடுத்த சிறுபோகத்துக்கு முன் முடிந்தது. சிலிண்டர் ஒழுகவில்லை.

நிறுத்திவைக்கும்போது

வேலை முடிந்த இயந்திரத்தை, இயன்றவரை தண்டுகள் உள்ளே சுருங்கிய நிலையில் நிறுத்துங்கள். எல்லாத் தண்டுகளையும் ஒரே நேரத்தில் உள்ளே எடுக்கமுடியாது. வெளியே நிற்பவற்றுக்குக் கிறீஸ் பூசிப் பொலித்தீன் சுற்றுங்கள். மறுபடி இயக்குமுன் மணல் ஒட்டிய அந்தக் கிறீஸைத் துடைத்தெடுங்கள். 1995 இல் வலிகாமத்திலிருந்தும், 2009 இல் வன்னியின் கடைசி மூலையிலிருந்தும் வெளியேறியவர்களுக்கு இயந்திரத்தைப் பார்த்து நிறுத்த ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. அப்படி வெயிலிலும் மழையிலும் கிடந்தவை பிறகு கைமாறி, வர்ணம் பூசப்பட்டு விற்பனைக்கு வந்தன. வர்ணம் புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்குமுன் ஒவ்வொரு தண்டையும் முழுவதும் நீட்டச் சொல்லி, என்ஜினை நிறுத்தி, துணியால் துடைத்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். விற்பவர் நேரமில்லை என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

அந்தச் சங்கத்தார் இப்போது இயந்திரத்துக்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரின் தண்டு விட்டம், சீலின் மூன்று இலக்கங்கள், மாற்றிய திகதி, கழற்றிய சீலில் என்ன அடையாளம் இருந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. எழுதுவது செயலாளரின் மகள். இவ்வருடம் சாதாரண தரம் எழுதப்போகிறாள். நகரத்து மெக்கானிக் வந்தால் முதலில் அந்தக் கொப்பியைத்தான் கேட்கிறார்.